ஒற்றை டிக்

கராஜுக்குள் ஒருநாளும் அது பழுதானதில்லை.
பெஸ்னிக் திறப்பைத் திருப்புவான்.
முதல் திருப்பிலேயே எழும்பும்,
டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை போல,
என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு
சீராக மூச்சு விடும்.

"ஸ்டார்ட் ஆகாத நேரம் கொண்டுவா" என்றான்.
ஸ்டார்ட் ஆகாத காரை
எப்படியப்பா கொண்டுவருவது?
அவனும் சிரித்தான். எழுபது டொலர்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மக்னா.
மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர்.
விற்றவர் சொன்னார், "ஒரு சத்தமும் இல்லை."
உண்மைதான்.
முரண்டு பிடிக்கும் நாளில் ஒரேயொரு டிக்,
பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பற்றரி என்றாள் சுகிர்தா. மாற்றினேன்.
இருநூற்று நாற்பது டொலருக்குப் பதினொரு நாள் நிம்மதி.
ரிலே என்றான் அவள் மனிசன். அதுவும் போட்டாயிற்று.
வேலைத்தல வாசலில் நின்ற ஒருவன்
பெயர்கூடச் சொல்லாமல் பொனற்றைத் திறந்து
சில்லு கழற்றும் கம்பியால்
ஸ்டார்ட்டரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.
எழும்பியது.
அவனுக்குக் கோயில் கட்டாத குறை.
அடுத்த வியாழன் நானும் தட்டினேன்.
மணிக்கட்டுத் தோல் சுட்டு உரிந்தது,
கார் கிடந்த இடத்தில் கிடந்தது.

அன்றிரவு ஒரு கொப்பியைப் பிரித்தேன்.
ஷெப்பர்ட்டனில் பீச் பழம் வந்து குவியும் மாதம்,
பன்னிரண்டு மணித்தியாலம் பெல்ட் அருகே நின்றுவிட்டு
கண் சொருகச் சொருக எழுதினேன்:

செவ்வாய் காலை 5.10. எழும்பியது.
செவ்வாய் மாலை 5.40. எழும்பியது.
புதன், பெற்றோல் அடித்த பின். டிக்.
இருபது நிமிடம் கழித்து எழும்பியது.
பின்னால் நின்றவன் இருபது நிமிடமும் ஹோர்ன்.
வெள்ளி, மழை. எழும்பியது.
சனி, பால் வாங்கிய பின். டிக். பால் திரைந்தது.
ஞாயிறு எங்கும் போகவில்லை.

மூன்று கிழமை.
குளிர்ந்த எஞ்சின் ஒருமுறைகூடக் கைவிடவில்லை.
ஓடிச் சூடாகி, சற்று நின்று,
திரும்பக் கேட்டால்தான் மறுக்கிறது.
பேயில்லை. ராகுகாலமில்லை
(அதையும் பார்த்தேன், மறைப்பானேன்).
சூடு.

இருபத்திரண்டு டொலருக்கு ஒரு மீற்றர் வாங்கி
மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்,
கள்ளனுக்காகப் பொல்லோடு விழித்திருப்பவள் போல.
ஒன்பது நாள் கள்ளன் வரவில்லை.
ஒவ்வொரு முறை எழும்பும்போதும்
எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

பத்தாம் நாள், சுப்பர்மார்க்கெட் வாசல், நாற்பத்தொரு பாகை.
டிக்.
"சுகிர்தா, திறப்பை விடாதே, திருப்பியபடியே பிடி!"
ஒரு ஊசி பற்றரியின் கழித்தல் முனையில்,
மற்றது எஞ்சினின் வெறும் இரும்பில்.
இடையில் இருப்பது ஒரேயொரு தடித்த கேபிள்.
பூச்சியம் காட்ட வேண்டும், அல்லது அதற்குக் கிட்ட.
ஆறு காட்டியது.
"ஆறு!" என்று கத்தினேன்.
ட்ரொலி தள்ளி வந்தவர்
எதை எண்ணுகிறேன் என்று நின்று பார்த்தார்.

பெஸ்னிக்குக்குப் படம் அனுப்பினேன்.
"எர்த்" என்று ஒற்றைச் சொல் வந்தது.
சுகிர்தா பெருமூச்சு விட்டாள்:
"பூமியோட தொடர்பு விட்டுப்போச்சுதாம்.
எங்களைப் போல..."
வாயை மூடு,
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடு என்றேன்.

போல்ற்றுக்கு அடியில் பச்சைக் களிம்பு.
வெளிப் பார்வைக்கு இறுக்கம், உள்ளே பிடிப்பில்லை.
செம்புக்கு என்ன செய்வதென்று
எந்தக் கராஜும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.
புளி கரைத்துத் தேய்த்தேன்,
சோடாத் தண்ணீரில் கழுவினேன்,
நன்றாகக் காயவிட்டு இறுக்கினேன்.
பெஸ்னிக் குனிந்து பார்த்தான், மோந்து பார்த்தான்,
இது என்ன கெமிக்கல், எங்கே விற்கிறது என்றான்.

இன்றோடு அறுபத்துமூன்று முறை எழும்பிவிட்டது.
சரியாகிவிட்டது என்று கொப்பியில் இன்னும் எழுதவில்லை.
எழும்பாத ஒரு நாள் எதையாவது சொல்லும்.
எழும்பும் நாட்கள் ஒன்றும் சொல்வதில்லை.
மீற்றர் மடியை விட்டு
முன்பெட்டிக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நாளை முப்பத்தொன்பது பாகையாம்.
பெற்றோலும் அடிக்க வேண்டும்.